ராமப்பன் பட்டணம் போன காரணம்

ஜூஜுவாடியில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின முதல் ஆள் ராமப்பன். அது போதாதா? ஐம்பத்தேழாம் வருஷக் கோடை முழுக்க அவன் கால் தரையில் பாவவில்லை. ஏர் ஓட்டுகிறவன்கூட மாட்டை நிறுத்திவிட்டு, "பெங்களூரா, பட்டணமா? எது முடிவாச்சு?" என்று கேட்டான். ராமப்பன் லேசில் பதில் சொல்லிவிடுவானா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெங்களூர் ரோட்டில் அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு பார்வை, பட்டணத்து ரோட்டில் ஓசூர்ப் பக்கம் ஒரு பார்வை. அப்புறம், "யோசிச்சிட்டிருக்கேன்" என்பான். மைசூர் யுனிவர்சிட்டியும் மெட்ராஸ் யுனிவர்சிட்டியும் இவன் ஒரு வார்த்தைக்காகச் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிற மாதிரி ஒரு முகம் வேறு.

உள்ளபடி விஷயம் ரொம்பச் சின்னது. பெங்களூரில் ஒரு காலேஜுக்கும் மெட்ராஸில் ஒரு காலேஜுக்கும் மனுப் போட்டான். எந்தப் புண்ணியமோ, இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது. பெங்களூர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அல்சூரில் தாய்மாமன் ஆஞ்சப்பன், விமானக் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அப்பா வெங்கடப்பனுக்குப் புரியவே இல்லை. "மாமன் வீடு குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, எவனோ போடற சோத்தைத் தின்ன எவனாவது பட்டணம் போவானா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார்.

மாமன் வீட்டில் சோறு மட்டுமா இருந்தது? மகள் சம்பங்கியும் இருந்தாள். ஒரு பையன் மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்றால் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று அர்த்தம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. பெட்டியைக் கொண்டுபோய் இறக்கினாலே பாதிக் கல்யாணம் முடிந்தது.

அதனால்தான் ராமப்பன் பட்டணம் என்று தீர்மானித்தான். சம்பங்கியைப் பிடிக்காமல் இல்லை. தன்னை மாதிரி ஆள் இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடக் கூடாது என்று ஓர் எண்ணம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று மூன்றிலும் அரைகுறையாக வளர்ந்தவன், யாருக்கும் தன்னைத் தெரியாத பெரிய ஊருக்குப் போய்ப் பெரிய ஆளாகத் திரும்ப வேண்டும் என்று கனவு கண்டான். ஓசூர் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்துகொண்டு, "கடல் இருக்கிற ஊர்லதான் அறிவு விசாலமாகும்" என்று எடுத்துவிட்டான். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அட, நம் வாயிலிருந்தா இதெல்லாம் வருகிறது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சம்பங்கி அழுவாளே என்பதுதான் ஒரே வருத்தம். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பதை அடிக்கடி நினைத்துப் பார்த்து உருகினான். ஆறுதல் சொல்லத் தோதாக நாலு நல்ல வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தான்.

இந்த லட்சணத்தில் காலேஜை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாமென்று மெட்ராஸ் போனான். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறும்வரைக்கும் மீசையில் கைதான். சென்ட்ரலில் இறங்கினதும் வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காலேஜ் ஆபீஸில் குமாஸ்தா என்னவோ கேட்க, இவன் விவரமாகப் பதில் சொன்னான். குமாஸ்தா கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "தமிழ்ல சொல்லுப்பா" என்றார். இத்தனை நேரம் தமிழில்தான் சொல்லிக்கொண்டிருந்தான், பாவி! ஓட்டலில் போய்க் களி இருக்கா என்று கேட்டதற்கு, பரிமாறுகிறவர் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். திரும்பி வருகிற ரயிலில் வயிறு கடமுடா. அறிவு விசாலமாகிறதோ இல்லையோ, அந்த ஊரில் ஆள் மிஞ்சமாட்டான் என்று தெரிந்துபோயிற்று.

அடேய் ராமப்பா, உன் வீரம் ஜோலார்பேட்டைவரைக்கும்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். ஆமாம், அவ்வளவுதான் என்று பதிலும் வந்தது.

இனி பெங்களூர்தான். ஆனால் ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டதை எப்படி விழுங்குவது? அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. "பெத்தவங்களைத் தவிக்க விட்டுட்டு அப்பிடி என்னா படிப்பு?" என்று வாசலில் நின்று உரக்கச் சொன்னான். வெங்கடப்பனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அம்மா சரோஜம்மாள் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிட, பருப்புப் பூரணம் வைத்துப் போளி மாதிரி ஒப்பிட்டு தட்டினாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அப்பனும் மகனும் அல்சூருக்கு பஸ் ஏறினார்கள். "மாமன்கிட்ட நீயே உன் வாயால சொல்லு. அதுதான் மரியாதை" என்றார் வெங்கடப்பன்.

ஆஞ்சப்பன் வாசலுக்கே வந்து அழைத்துக்கொண்டு போனார். மாமி வெள்ளையம்மா இலை போட்டாள். சம்பங்கி களியும் கீரைச் சாறும் பரிமாறினாள், நிமிர்ந்தே பார்க்கவில்லை. வெட்கம் என்று ராமப்பன் நினைத்துக்கொண்டான். வயிறு நிறையச் சாப்பிட்டான். இந்தக் களியை விட்டுவிட்டா பட்டணத்துக்குப் போக இருந்தோம் என்று நினைத்து, இன்னும் ஒரு உருண்டை கேட்டு வாங்கினான்.

கை கழுவக் கொல்லைப் பக்கம் போனான். சம்பங்கி சொம்போடு பின்னாலேயே வந்தாள்.

"பாவா" என்றாள். அத்தை மகனை அந்த வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீங்க பட்டணம்தானே போறீங்க?"

குரல் நடுங்கியது. ராமப்பனுக்கு உள்ளே உருகி ஓடியது. தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களுக்கு இனி வேலையில்லையே, சந்தோஷச் சமாச்சாரமல்லவா சொல்லப்போகிறோம் என்று தொண்டையைக் கனைத்தான்.

"கவலைப்படாத சம்பங்கி..."

"மனசு மாறிடலயே? கோடை முழுக்க அம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்."

"என்னான்னு?"

"நீங்க பட்டணம் போகணும்னு."

சொம்புத் தண்ணீர் அவன் கையில் விழாமல் காலில் விழுந்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"நானும் பாஸ் பண்ணிட்டேன் பாவா. இங்க பொம்பளைங்க காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. ஆனா நீங்க வந்துட்டா நான் வீட்டோட இருக்கணும்னு அப்பா சொல்லிட்டாரு. கட்டிக்கப்போறவன் வீட்டுல இருக்கறப்ப பொண்ணு காலேஜுக்குப் போனா நாலு பேர் சிரிப்பாங்களாம். உங்களுக்கு வேளாவேளைக்கு ஆக்கிப் போடணுமாம். நீங்க வரலேன்னா நாளைக்கே என்னைச் சேர்த்துடுவாரு. அம்மா அவருகிட்ட சத்தியம் வாங்கி வெச்சிருக்காங்க."

இந்த நேரத்தில் கேட்கக்கூடாத ஒன்றை ராமப்பன் கேட்டான். "உனக்கு என்னா மார்க்கு?"

சொன்னாள். இங்கிலீஷிலும் தமிழிலும் சேர்த்து அவன் வாங்கினதைவிட, கணக்கில் மட்டும் அவள் வாங்கினது அதிகம்.

"என்னைப் பிடிக்கலயா?" என்றான்.

சம்பங்கி நிமிர்ந்து பார்த்தாள். "பிடிக்குதா பிடிக்கலயான்னு நான் நினைச்சே பாக்கலை பாவா. எனக்குப் படிக்கணும்."

கோபித்திருந்தாலாவது தேவலை. நினைத்தே பார்க்கவில்லையாம்! கோடை முழுக்க மூலையில் உட்காரவைத்து இவளை அழவிட்டானே, அந்தச் சம்பங்கி யார்? ராமப்பனுக்கு ஒரே அவமானமாக இருந்தது. உள்ளே போனான்.

"என்னப்பா, முடிவு பண்ணிட்டியாமே?" என்றார் ஆஞ்சப்பன், வெற்றிலையை மடித்துக்கொண்டே. வெங்கடப்பன் பெருமையோடு மகனைப் பார்த்தார்.

ராமப்பனுக்கு அந்த வேர்வை, அந்தக் குமாஸ்தா, அந்த வயிற்றுவலி எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. பெங்களூர் என்று சொன்னால் போதும், வேளாவேளைக்குக் களி. சமையலறைக் கதவோரம் சம்பங்கியின் புடவை தெரிந்தது. அது அசையவே இல்லை.

"பட்டணம்தான் மாமா" என்றான்.

"டேய், நேத்துதானேடா..." என்று அப்பா எழுந்தே விட்டார். "என்னாத்துக்குடா? காரணத்தைச் சொல்லு!"

கோடை முழுக்கக் காரணமாக உதிர்த்த வாய்தான். அறிவு விசாலம் என்றால் என்ன, கடல் என்றால் என்ன! இன்றைக்கு முதல்முறையாக உண்மையான காரணம் ஒன்று இருந்தது. சொன்னால் சம்பங்கி தொலைந்தாள்.

"சும்மாதான்" என்றான்.

"திமிரு!" என்றார் வெங்கடப்பன். "எங்க பொண்ணுக்கு என்ன குறைச்சல்?" என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆஞ்சப்பன் வாயில் வெற்றிலையைப் போடாமல் அப்படியே தட்டில் வைத்துவிட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். ஊரில் அவனுக்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது. நாலெழுத்துப் படித்ததும் மாமன் மகள் கசந்துவிட்டாள் என்றார்கள். சம்பங்கி காலேஜில் சேர்ந்த விஷயத்தை அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ராமப்பன் "சரி" என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு ராகி வயல் வரப்பில் போய் உட்கார்ந்து கொஞ்சம் அழுதான். பெருமையாக அழலாமென்று பார்த்தான், அதுகூட வரவில்லை. பயத்தில்தான் அழுதான்.

மெட்ராஸ் ஹாஸ்டலில் அவன் நினைத்ததெல்லாம் நடந்தது. வேர்த்தது. வயிறு கெட்டது. வாயைத் திறந்தால் சிரித்தார்கள், ஆகவே திறப்பதை விட்டான். யாருக்கும் தெரியாத ஊர் என்று வந்தானே, அறைக்கூட்டாளி யார் என்றால் அவன் ஜில்லாக்காரனேதான். சாமல்பட்டி அற்புதராஜ். மாதாகோயில் பாட்டை விசிலடித்துக்கொண்டே துணி மடிப்பான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் கேட்டான். "ஏம்ப்பா, பெங்களூர் உனக்குக் கையெட்டற தூரம். என்னாத்துக்கு இங்க வந்து இப்பிடி வேகறே?"

கடல், விசாலம் என்று ராமப்பன் ஆரம்பித்தான். பாதியிலேயே அலுத்துவிட்டது. "எங்க மாமன் பொண்ணு படிக்கணும்னா நான் அந்த வீட்டுல இருக்கக் கூடாது. அதான்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஒப்பிட்டு முதற்கொண்டு, அவள் நினைத்தே பார்க்கவில்லை என்றதுவரைக்கும்.

அற்புதராஜ் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தான். "அடப்பாவி! அவ பி.ஏ. முடிச்சிட்டு உன்னைத் திரும்பிப் பார்ப்பாளாடா?"

ராமப்பனுக்குச் சுருக்கென்றது. அப்புறம் யோசித்துப் பார்த்தான். "பார்க்க மாட்டா" என்றான். சொன்னதும் அவனுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அற்புதராஜ்தான் முதலில் நிறுத்தினான். மடித்த சட்டையை எடுத்து மறுபடியும் மடித்தான்.

"எங்க அக்கா பவுலினாவும் படிக்கணும்னுதான் கேட்டா" என்றான். "என்னைவிட நல்லாப் படிப்பா. வீட்டுல ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும்னாங்க. நான் வாயைத் திறக்கலை."

ராமப்பன் தன் கட்டிலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். அற்புதராஜ் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.