பானெட் இடுக்கில் நீல நூல்

தையற்காரருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அளவு டேப்பையே மாதம் ஒருமுறை அளந்து பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவர் கார் சாவியில் ஒன்றை வீட்டோடு தங்கியிருக்கும் மைத்துனனிடம் கொடுத்தாரென்றால், அது மனைவியின் பிடிவாதம். கூடவே ஒன்று சொல்லிவைத்திருந்தாள்.

"இன்னொரு தடவை என் தம்பியைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை பேசினீங்க, அவன் கிளம்பும்போது நானும் கிளம்பிடுவேன்."

அவர் வார்த்தை பேசவில்லை. நூல் வைத்தார்.

மைத்துனனுக்குப் பழைய கார் சாமான் கடையில் ஒரு சிநேகிதன் உண்டு. நல்ல சாமானைக் கழற்றிவிட்டு ஓட்டையைப் பூட்ட எத்தனை நேரம் ஆகும்? அதனால் கார் வீட்டுக்கு வரும்போதெல்லாம், ஜீன்ஸ் தைக்கிற தடித்த நீல நூலில் ஒரு முழம் வெட்டி, நுனியில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சு மட்டும் வெளியே தெரியும்படி பானெட்டை மூடிவைப்பார். யாராவது திறந்தால் முடிச்சு உள்ளே விழுந்துவிடும். ஒரே மாதத்தில் ஐந்து முறை முடிச்சைக் காணோம். உள்ளே நூலும் இல்லை. அதையும் அவனே எடுத்துவிட்டான், பலே கில்லாடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு புது நூல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியில் பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் அறுந்திருந்தது. மெக்கானிக்கிடம் போனால் அவரையும் சந்தேகப்பட்டாக வேண்டும். அதனால் மைத்துனன் புது பெல்ட் வாங்கிவர, வாசலிலேயே வேலை தொடங்கியது. அவன் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்தினான். தையற்காரர் பழைய பெல்ட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். நாக்கு நிற்கவில்லை.

"இது தானா அறுந்ததில்ல மாப்ள. யாரோ அறுத்தது. கிழிஞ்சதுக்கும் வெட்டினதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"யாரு மாமா அறுப்பா?"

"சாவி ரெண்டு பேர்கிட்டதானே இருக்கு."

 புது பெல்ட்டை மாட்டப் போன மைத்துனன் புல்லிச் சக்கரத்தின் பள்ளத்தில் எதையோ பார்த்து நின்றான். குறடால் பிடித்து இழுத்தான். நீல நூல் வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, கிரீஸும் அழுக்குமாக. பெல்ட்டை ஓரத்தில் அரைத்துத் தின்றது அதுதான். தையற்காரர் முடிச்சுகளை எண்ணினார். ஐந்து. பானெட்டை யாரும் திறக்கவே இல்லை. வண்டி ஓடும்போது பெல்ட்டே நூலை உள்ளே இழுத்திருக்கிறது. அவருக்கு அவமானத்தில் காது சுட்டது.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "என்னடா ஆச்சு?"

மைத்துனன் நூலைக் கைக்குள் பொத்தினான். "பெல்ட் பழசுக்கா. அதுவா போயிருக்கு."

புது பெல்ட்டை மாட்டி, கம்பியால் ஆல்டர்னேட்டரை நெம்பிப் பிடித்து, போல்ட்டை இறுக்கினான். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அளவாக அமுங்கியது. வயரை மாட்டி வண்டியைக் கிளப்பியதும் பேட்டரி விளக்கு அணைந்தது. தப்பித்தோம் என்று தையற்காரர் மூச்சுவிட்டார்.

மைத்துனன் தன் சாவியை வளையத்திலிருந்து கழற்றி, நூலோடு சேர்த்து அவர் கையில் வைத்தான். "ரெண்டும் உங்களோடதுதான் மாமா." ஊருக்குக் கிளம்பப் பையை எடுக்க வீட்டுக்குள் போய்விட்டான்.

"சாவியை ஏன் திருப்பிக் குடுக்கறான்?" என்று கேட்டபடி மனைவி அருகில் வந்தாள். அவர் விரல்களை மூடிக்கொண்டார். இடுக்கில் கொஞ்சம் நீலம் தொங்கியது.

அந்த நூலைத் தினமும் தையல் மெஷின் பாபினில் சுற்றித் தருகிறவள் அவள்தான்.