துருவத்தில் விழுந்த ஓட்டை

குளிர்காலம் வந்தால் செவ்வாய்க் கிரகத்தின் துருவத்தில் காற்றே உறைந்து பனியாக இறங்கிவிடும். மாதக்கணக்கில் அங்கே சூரியன் எட்டிப் பார்க்காது. சாதாரணக் கேமராவை அங்கே திருப்பினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். அந்தக் கிரகத்தைச் சுற்றிவரும் விண்கலத்தில், தரையின் வெப்பத்தைப் படிக்கும் அகச்சிவப்புக் கருவி ஒன்றே கதி. அது தந்த படத்தில், பனிக்கு நடுவே பெரிய ஓட்டை. எலி கடித்த போர்வை மாதிரி இருந்தது.

"அங்க பனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கருவிக்கு வயசாயிடுச்சு" என்றார் ஆய்வுக் குழுத் தலைவர். எதையும் வெட்டிவிடுவதால் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். மாலைக் கூட்டத்தில் கருவியை அணைக்க முடிவெடுப்பார். அணைத்தால், அந்தக் கருவியைக் கவனித்துவந்த இளம் ஆய்வாளரான அவளுடைய இத்தனை வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்.

அவள் விடுவாளா? கருவி அனுப்பிய மூல எண்களைத் தோண்டினாள். ஓட்டைக்குள் எண்கள் குவிந்து கிடந்தன. பனி உறையும் அளவுக்கும் கீழே குளிர் காட்டினால் அது பிழை என்று, எண்களைச் சுத்தம் செய்யும் புரோகிராம் அவற்றைக் கழித்திருந்தது. ஆனால் புதிதாக விழுந்த பொடிப்பனி வெப்பத்தைக் குறைவாகத்தான் வெளிவிடும். கருவிக்கு அது உள்ளதைவிடக் குளிராகத் தெரியும். பனியை வீசிவிட்டுப் பனி எங்கே என்று தேடியிருக்கிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள்.

ஒரே சங்கடம், அந்தப் புரோகிராமை எழுதியவன் பக்கத்து மேசையில் இருக்கும் அவள் அண்ணன்.

"அண்ணா, நீ வச்ச குளிர் எல்லைதான் பனியைத் தின்னுருக்கு."

"பத்து தடவை சரிபார்த்தேன்டி. அது கருவிக் கோளாறு."

"கோளாறா இருந்தா கண்ட இடத்துல சிதறியிருக்கும். இது ஒவ்வொரு சுத்துலயும் அதே இடத்துல நிக்குது. வசந்தம் வந்ததும் மறையுது. பாரு."

பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து போய்விட்டான்.

மாலைக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். கூடப் பிறந்தவனை எப்படி எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுப்பாள்? அதற்குள் அண்ணனே கணினியின் முன் வந்து உட்கார்ந்தான்.

"இந்த ஓட்டையைப் போட்டது நான்தான்" என்று சொல்லிவிட்டு, எல்லையை அழித்துப் புரோகிராமை மறுபடி ஓட்டினான்.

பெரிய திரையில் ஓட்டை ஓரத்திலிருந்து நிறைந்துகொண்டே வந்தது. கடைசிப் புள்ளியும் நிறைந்ததும் கத்தரிக்கோல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அணைக்க வேண்டாம். அடுத்த குளிர்காலம் முழுக்கக் கருவி இந்தப் பொண்ணு சொல்ற பக்கம்தான் பார்க்கும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அண்ணன் மட்டும் தலை நிமிரவில்லை.

"எத்தனை வருஷப் படத்துல இப்படிக் கழிச்சிருக்கேனோ."

அவள் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எல்லாத்தையும் திரும்ப ஓட்டு. இன்னும் எவ்வளவு பனி நமக்காகக் கிடக்கோ."