டெக்ராஜைத் தேடப் போகும் படகு

பாலத்தடி டீக்கடை மேசையில், என்னோடு படகோட்டும் பூர்பா வறுத்த சோளத்தைக் கொட்டி ஆற்றுப் படம் போட்டான். ஒவ்வொரு சோளமும் ஒரு பாறை. பயணிகளை ரப்பர் படகில் ஏற்றுவதற்கு முன்னால் நாங்கள் இப்படித்தான் திட்டம் போடுவோம். இந்த முறை பயணிகள் இல்லை. என் தம்பி டெக்ராஜின் உடலைத் தேடிப் போக வேண்டும்.

மழையில் மலை சரிந்து ஆற்றின் போக்கே மாறிக் கிடந்தது. தசைன் பண்டிகை முடிந்து முதல் சவாரி. கரையேறி ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடா என்று டெக்ராஜிடம் சொன்னேன். எனக்குத் தெரியாத தண்ணியா என்று சிரித்தான். போன வருடத்து ஆற்றை மனதில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் துடுப்புப் போட்டான், பாவி. அவனுடைய ஒற்றை ஆள் கயாக் மட்டும் கவிழ்ந்து கீழே வந்தது.

அவன் கவிழ்ந்த இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. படகில்தான் போக முடியும். தண்ணீரோ இன்னும் இறங்கவில்லை. கடைக்காரர் முதற்கொண்டு எல்லாரும் பொறு என்றார்கள். புரோகிதர், தர்ப்பைப் புல்லில் உருவம் கட்டி எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பி என்ன புல்லுக்கட்டா? உடலைப் பார்க்காமல் வெள்ளை உடுத்தமாட்டேன் என்று அவன் மனைவி சிர்ஜனா பிடிவாதமாக இருக்கிறாள். வெறுங்கையோடு நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது?

"நான் பெரிய படகை எடுத்துக்கிறேன். நீ கயாக்ல முன்னால போடா," என்றேன் பூர்பாவிடம்.

அவன் மறுக்கவில்லை. அதுதான் கொடுமை. சோளங்களுக்கு நடுவே ஒரு வழியைக் காட்டினான். அவன் மனைவிக்கு இது நிறைமாதம்.

சிர்ஜனா கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வழக்கத்தில் தம்பி மனைவி மூத்தவன் முகம் பார்த்துப் பேசமாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் டெக்ராஜிடம்தான் சொல்லிவிடுவாள். இப்போது சொல்லிவிட ஆள் இல்லை. முக்காட்டைத் தள்ளிவிட்டு நேராக என்னைப் பார்த்தாள்.

"அத்தான், அவர் போயிட்டார். பூர்பா வீட்டுக்காரியும் என்னை மாதிரி ஆத்தைப் பார்த்துக்கிட்டு உக்காரணுமா? போய்ப் புல்லு அறுத்துட்டு வாங்க."

கடைக்காரரிடம் அரிவாள் வாங்கிக்கொண்டு கரைக்குப் போனேன். பூர்பாவும் கூடவே வந்தான். அழுதுகொண்டே அறுத்தேன். டெக்ராஜ் நல்ல உயரம். நிறைய அறுக்க வேண்டியிருந்தது.