ஓடைக்கரைச் சாம்பல்

பிரேமலதா திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுப்பவள். வீடு ஸ்ரீரங்கத்தில். மண்ணச்சநல்லூரைத் தாண்டி, வீராயியின் கடலைக் கொல்லையை ஒட்டிய ஓடைக்கரையில் வெள்ளையாய் ஒரு பட்டை ஓடுவதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பனியுகக் காலத்தில் சுமத்ராவில் ஒரு எரிமலை வெடித்து, அதன் சாம்பல் இந்தியா வரைக்கும் வந்து விழுந்தது. அதுதான் இது என்று துறைத்தலைவர் சிவசங்கரிடம் சொல்லிவிட்டாள். அவர் கருத்தரங்குக்குத் தலைப்பே கொடுத்துவிட்டார். வீராயியும் ஊரெல்லாம் சொல்லி, ஆடு இறங்காமல் கரைக்கு முள் வெட்டிப் போட்டிருந்தாள்.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோதுதான் தப்பு புரிந்தது. எரிமலைச் சாம்பலில் உடைந்த வளையல்போல வளைந்த கண்ணாடிச் சில்லுகள் தெரியவேண்டும். தெரிந்ததோ வரிசை வரிசையாய்ப் புடைத்த நெல் உமித்தோல். என்றைக்கோ ஏதோ அரிசி ஆலை கொட்டிய சாம்பல்!

“சார், தலைப்பை எடுத்துடுங்க. அது உமிச் சாம்பல்.”

சிவசங்கர் நிகழ்ச்சி நிரலில் அந்தத் தலைப்பை அடித்துவிட்டு, “மேடையில வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நீங்களே பார்த்தீங்களே, விடுங்க” என்றார்.

வீராயியிடம் சொல்வதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அப்ப எரிமலை இல்லீங்களா டீச்சர்?”

“இல்லைங்கக்கா. உமி.”

வீராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிரேமலதாவுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும், வந்தது வந்தோம், கீழேயும் பார்த்துவிடுவோம் என்று கரையை வெட்ட ஆரம்பித்தாள். வீராயியும் கடப்பாரையோடு இறங்கினாள். கூழாங்கல் அடுக்குக்கும் கீழே, விரலில் மாவாய் ஒட்டும் மெல்லிய படலம் ஒன்று இருந்தது. இந்தத் தடவை பிரேமலதா யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மைக்ராஸ்கோப்பில் வளைந்த கண்ணாடிச் சில்லுகள் தெரிந்தன. அதோடு கலந்திருந்த பொடிப் பொடிப் படிகங்களை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அவற்றில் சேர்ந்திருக்கும் ஆர்கான் வாயுவை அளந்து வயது சொல்வார்கள். மாதங்கள் போயின. ஒரு காலை, காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது பதில் வந்தது: ஏறத்தாழ எழுபத்து நாலாயிரம் வருஷம். சுமத்ரா எரிமலை வெடித்த அதே காலம். ஆறு கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது. அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

சாயங்காலமே மைசூர்பாகு வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

“சாம்பலுக்கு வயசு தெரிஞ்சா, மேல கீழ இருக்கற மண்ணுக்கும் காலம் பிடிபட்டுடும்க்கா. கீழ் மண்ணுல மரத்து மகரந்தம் நிறைய இருக்கு. மேல் மண்ணுல முக்கால்வாசி புல்லுதான்.”

“மரமெல்லாம் என்னாச்சு?”

“மழை குறைஞ்சுபோச்சு. பனியுகம்னா நம்ம பக்கம் பனி கொட்டலை. காஞ்சு கெடந்துச்சு.”

வீராயி பச்சைப்பசேலென்று நின்ற கடலைச் செடிகளைப் பார்த்தாள்.

“அப்புறம் மழை எப்பங்க திரும்ப வந்துச்சு?”

“அதுக்கு இன்னும் மேல் மண்ணுல தேடணும்க்கா.”

“கடலை பறிச்சு முடியட்டும், வாங்க. சேர்ந்தே வெட்டுவோம்” என்று வீராயி இன்னொரு துண்டு மைசூர்பாகை எடுத்துக்கொண்டாள்.