மூட்டம் ஆறும்வரை

1
இந்தக் கதை ஒரு புகாரில் பிறந்தது. 1998இல், கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் போகும் பேருந்தில், என் பக்கத்து இருக்கையில் இருந்த, விறகை மண்ணால் மூடி எரித்துக் கரி எடுக்கும் கரிமூட்டக்காரர் சொன்னார்: "எம் மக செத்த நட்சத்திரத்துத் தூசியப் படிக்கா, அண்ணாச்சி. கல்யாணம் வேண்டாங்கா." அவ்வளவுதான் கிடைத்தது. மீதி நான் கட்டியது. அவருக்கு மந்திரமூர்த்தி என்றும், மகளுக்குச் சுந்தரேஸ்வரி என்றும் பெயர் வைத்தேன்.

2
முதல் தொடக்கம்: அந்தி வானில் ஒரு நட்சத்திரம் கண்ணீர்...

(வேண்டாம். நட்சத்திரம் அழாது.)

இரண்டாவது: சாகப்போகும் நட்சத்திரம் தன் மேலடுக்குகளை உதறுகிறது. அருகிலிருக்கும் வாயு ஒளிர்கிறது. எல்லோரும் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள். அதற்கும் வெளியே குளிர்ந்த தூசி கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவிக்குத்தான் தெரியும்.* அது அந்த நட்சத்திரத்தின் தூசியே இல்லை, வழியில் கிடக்கும் வேறு தூசி என்கிறார் பெங்களூரில் சுந்தரேஸ்வரியின் பேராசிரியர். அதனுடையதுதான் என்கிறாள் இவள். நிரூபிக்க இன்னும் ஒரு வருடம் வேண்டும். அப்பாவோ ஆவணியில் முகூர்த்தம் குறித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் படிப்பு போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

* 'மூட்டத்துச் சாம்பல் மாதிரி' என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் படித்தால் சிரிப்பாள்.

3
கருவேலங்கட்டைகளை அடுக்கி, மண் பூசி, தீ வைத்த மூட்டம் புகைகிறது. மண்ணில் வெடிப்பு விட்டால் உடனே அடைக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் கரி மிஞ்சாது. அதனால் மூட்டம் ஆறும்வரை மந்திரமூர்த்தி அங்கிருந்து நகரமாட்டார். பெங்களூரிலிருந்து வந்திருந்த சுந்தரேஸ்வரி அங்கேயே போய் நின்றாள்.

"குறிச்ச நாள மாத்தச் சொல்லுதியே, ஊரு என்னட்டி பேசும்?"

"சித்தப்பா கல்யாணத்துக்கு நீங்க ஏம்பா போவல?"

"மூட்டம் எரிஞ்சுக்கிட்டுல்லா இருந்துச்சு."

"கூடப்பிறந்த தம்பி கல்யாணம். ஊரு பேசிச்சுல்லா?"

"பேசட்டும்னு விட்டேன். பாதியில போனா மொத்தமும் சாம்பலா..."

[அவர் நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை.]

"எனக்கும் பாதியிலதாம்பா நிக்குது. நான் போறேன்."

4
அப்பா பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துவரை வருவதாக ஒரு முடிவு எழுதினேன். எனக்கே அழுகை வந்தது. ஆனால் மூட்டம் புகையும்போது அவர் எப்படி வருவார்? பேராசிரியர் தோற்பதாக இன்னொன்று. அவள் கணக்கை முடிக்கும் முன்னே அதை எழுத நான் யார்?

எழுத முடிந்தது இதுதான்: மூட்டத்தில் வெடிப்பு விட்டது. மந்திரமூர்த்தி மண்வெட்டியோடு அடைக்கத் திரும்பினார். சுந்தரேஸ்வரி கோவில்பட்டிப் பேருந்தில் ஏறினாள்.

அடைத்துவிட்டு நிமிர்ந்தவர் என்ன சொன்னார்? நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஏசவையுங்கள், வாழ்த்தவையுங்கள், உங்கள் இஷ்டம். அவளைப் பேருந்திலிருந்து மட்டும் இறக்க முடியாது. டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.