எழுந்தால் போய்விடும் வார்டு

1

இது கதையாகப் பிறந்ததில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் நகராட்சியின் ஆண்டுவிழா மலருக்கு ‘உள்ளாட்சி வளர்ந்த வரலாறு’ என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். நகரமைப்புப் பிரிவில் வரைபடம் வரைந்து ஓய்வுபெற்றவன் நான். வீட்டில் சும்மா கிடக்கிறான், எழுதித் தொலைப்பான் என்று யாரோ கைகாட்டியிருக்கிறார்கள். நானும் புது மாப்பிள்ளை மாதிரி ஆசையாக உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

‘துறைமுகத்தை ஒட்டி நான்கு வார்டுகளுடன் தொடங்கிய இந்நகரம், இன்று நாற்பது வார்டுகளாக’

அதோடு பேனா படுத்துவிட்டது. நாற்பதா, முப்பத்தொன்பதா? முதல் வார்டு இருக்குமா இருக்காதா என்பது வருகிற வியாழக்கிழமை மன்றக் கூட்டத்தில் முடிவாகப் போகிறது. அதைப் பற்றி விசாரிக்கப் போனேன். வரலாறு வாசலிலேயே நின்றுகொண்டது. உள்ளே ஒரு தையற்காரி இருந்தாள். அவள்தான் முதல் வார்டு கவுன்சிலர்.

மலர்க்குழுவினர் மன்னிக்கவும். மன்னிக்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன்.

2

இருந்தாலும் கொஞ்சம் வரலாறு சொன்னால்தான் மற்றது புரியும்.

நகராட்சியின் முதல் கட்டடம் முதல் வார்டில், அலை கால் கழுவும் தூரத்தில் இருந்தது. கூட்டம் நடக்கும்போது ஜன்னல் வழியாக மீன்கள் எட்டிப் பார்த்து, வரி உயர்வுக்கு எதிர்ப்புத் தெரிவிக்கும்.*

(* மீன் கொஞ்சம் அதிகம். நண்டு வந்தது உண்மை.)

அலைச் சத்தத்தில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. ஆகவே ஒரு வழக்கம் ஏற்பட்டது. தீர்மானத்தை முன்மொழிகிறவர் எழுந்து நிற்பார். மூலையில் இருக்கும் குமாஸ்தா காதை நம்பாமல் கண்ணை நம்பி, நிற்கிறவரை முன்மொழிந்தவராக எழுதிக்கொள்வார். பிறகு கட்டடத்தைக் கடல் கொண்டுபோயிற்று. மன்றம் ஊருக்கு நடுவே குடியேறியது. அங்கே அலை கேட்காது, மின்விசிறிதான் கேட்கும். வழக்கம் மட்டும் ஈரம் காயாமல் கூடவே வந்துவிட்டது. இன்றும் எழுந்தவர்தான் முன்மொழிந்தவர்.

எட்டாம் வார்டு கவுன்சிலர் ஒருமுறை நாற்காலி ஆணி குத்தித் துள்ளி எழுந்தார். அந்த நேரத்தில் வாசிக்கப்பட்டது குப்பைக் கிடங்குத் தீர்மானம். கிடங்கு இன்றைக்கும் அவர் வீட்டுக்கு எதிரில், அவரே முன்மொழிந்த பெருமையோடு மணக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் கவுன்சிலர்கள் நாற்காலியைத் தடவிப் பார்க்காமல் உட்காருவதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. பெரிய வார்டுகள் சின்ன வார்டுகளை விழுங்கிவிடக் கூடாது என்று ஆதியில் எழுதி வைத்தது: ஒரு வார்டைக் கலைக்க வேண்டுமென்றால், அந்த வார்டின் கவுன்சிலரே முன்மொழிய வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தையற்காரி எழாதவரை முதல் வார்டு உண்டு.

3

துறைமுகத்துக்கு அலைதடுப்புக் கட்டிய நாள்முதல் கடல் தன் கோபத்தை முதல் வார்டின்மேல் காட்டிவருகிறது. வருஷத்துக்கு ஒரு தெரு போகும். வரைபடத்தில் அதை ரப்பரால் அழிக்கிற வேலை என்னுடையது. சுங்கச்சாவடித் தெருவை அழித்த அன்று மேசையெல்லாம் உப்பாக

(வேண்டாம். இந்த இடத்தில் கப்சா விட எனக்கே மனசு வரவில்லை.)

மிச்சமிருப்பது மூன்று தெரு. அவற்றைக் காப்பாற்றக் கரையில் பாறாங்கல் கொட்டுகிறார்கள். கல் வார்டுவாரியாகத்தான் வரும். வார்டு இல்லையென்றால் கல் இல்லை. கல் இல்லையென்றால் தெரு இல்லை. அங்குள்ளவர்களை ஊருக்கு வெளியே ஏதோ குடியிருப்பில் கொண்டுபோய் அடுக்கிவிட்டு, காலி இடத்தில் லாரி நிறுத்துவதாகத் திட்டம்.

தையற்காரிக்கு முன்னால் அந்த வார்டுக்குக் கவுன்சிலராக இருந்தவர் அவளுடைய நாத்தனார். ஊரே ‘அக்கா’ என்று கூப்பிட்ட அம்மாள். கடைசிக் காலத்தில் முழங்கால் போய்விட்டது; உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். முதல் வார்டுக்கு அதுதான் பொற்காலம். எவனாலும் அவரை எழுப்ப முடியவில்லை.

அந்த அக்கா போன வாரம் காலமாகிவிட்டார்.

4

இனி வருவதை நான் காதாரக் கேட்டேன். என் பேண்ட் தையற்காரியின் மிஷினில் கிடந்தது. ஓய்வுபெற்ற பிறகு உயரம் குறைகிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. நானோ இடுப்பில் துண்டோடு கடையின் திரைக்குப் பின்னால் காத்திருந்தேன். அப்போது சேர்மன் வந்தார். எப்படி வெளியே வர முடியும் சொல்லுங்கள்?

“என்னம்மா, வேலை நெருக்கடியா?”

“வாங்க சார். உட்காருங்க.”

“உட்கார்றது இருக்கட்டும். ஒரு சட்டைக்கு அளவு எடுக்கணும்.”

“டேப்பை நீங்களே பிடிச்சுக் காட்டுங்க சார், நான் இங்கேருந்தே பாத்துக்கறேன். இப்பல்லாம் நான் எழுந்திருக்கறதில்லை.”

சேர்மன் சிரித்தார். பெரிய மனிதர்; தோற்கிறபோதும் சிரிக்கப் பழகியவர். தன் மார்பைத் தானே அளந்துகொண்டு பேசினார்.

“அக்காவுக்கு ஏதாவது செய்யணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. ரெண்டாம் வார்டோட இதைச் சேர்த்து, புது வார்டுக்கு அக்கா பேரையே வைக்கப் போறோம். இரங்கலும் அதுவும் ஒரே தீர்மானம். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை?”

“வார்டை எடுத்துட்டுப் பேரை வைக்கறீங்க.”

“எடுக்கறது நானா? கடல்மா.”

“கடல் தெருவைத்தான் எடுக்குது சார். நம்பரை எடுக்கறது நீங்க.”

“வியாழக்கிழமை நீங்க வாயே திறக்க வேண்டாம். அக்கா பேரைச் சொன்னதும் எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம். நீங்களும் நிப்பீங்க. குடும்பத்து ஆளு, நிக்காம இருந்துட முடியுமா?”

மிஷின் கொஞ்ச நேரம் ஓடியது. என் பேண்ட் எவ்வளவு குட்டையாகிக்கொண்டிருக்கிறது என்று எனக்குக் கவலை.

“கை அரையா முழுசா சார்?”

“அரை.”

“பாக்கெட்?”

“ஒண்ணு போதும்.”

“உங்களுக்கா? ரெண்டு வைக்கிறேன்.”

திரைக்குப் பின்னால் நான் துண்டைக் கடித்துக்கொண்டேன். இடுப்பிலிருந்த துண்டு என்பதால் நிலைமை மோசமானது.

அவர் போன பிறகு அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள்: “பேண்ட் ஆயிடுச்சு சார். சிரிச்சது போதும்.”

“என்னம்மா பண்ணப் போறே?”

“உட்காரத்தான் போறேன்.” ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், இரண்டு முறை தவறியது. “ஆனா அக்கா பேரைச் சொல்லும்போது, சார்... ஊரே நிக்கும்போது நான் மட்டும் எப்படி?”

5

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. நாத்தனார்மேல் ஒருத்திக்கு இவ்வளவு பிரியம் இருக்குமா? அதிலும் இந்த நாத்தனார் சாமானியப்பட்டவர் இல்லை. தைத்துக் கொடுத்த ஒவ்வொரு ரவிக்கையையும் “கை பிடிக்குது, பிரிச்சுப் போடு” என்று திருப்பி அனுப்பியவர். முதல் வரைவில் இருவரையும் பரம எதிரிகளாக்கினேன். கதை சுலபமாக முடிந்துவிட்டது. சுலபமாக முடிந்ததாலேயே கிழித்தேன்.

பிரியம் இருந்தது. சண்டைக்கு நடுவில் அது எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தன்னுடைய நாற்காலியை அந்த அம்மாள் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, தம்பி பொண்டாட்டிக்குத்தான் கொடுத்தார்.

தையற்காரியின் வீட்டுக்காரர் படகு எஞ்சின் மெக்கானிக். அந்த வீட்டில் நடந்த பேச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்டு, அங்கிருந்து என் மனைவிக்கு வந்து, என்னிடம் சேர்ந்தது. வழியில் வளர்ந்திருந்தால் நான் பொறுப்பில்லை. என் பங்குக்கு நானும் கொஞ்சம் வளர்த்திருக்கிறேன்.

“எங்கக்காவுக்கு ஒரே ஒரு நிமிஷம் நிக்க உன்னால முடியாதா?”

“உங்கக்கா இருந்தா நிக்க விடுவாங்களா?”

“அதெல்லாம் பேசாதே. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? தம்பி பொண்டாட்டி அசையாம உட்கார்ந்திருந்தாளாம்னு சொல்லாது?”

“ஊர் இருந்தாத்தானே சொல்லும்.”

“என்னை இடுப்புல தூக்கி வளத்தவ அவ.”

“அந்த இடுப்புக்கு வருஷா வருஷம் அளவெடுத்தவ நான். எனக்குத் தெரியாதா?”

அவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டோமே என்று கோபம் வந்து, கோபத்தில் கண் கலங்கி, சட்டையை மாட்டிக்கொண்டார்.

“நானும் அங்கதான் வந்து பாத்துக்கிட்டு இருப்பேன். நீ நிக்கலேன்னா, அப்படியே அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்.”

அவள் பதில் சொல்லவில்லை. சொன்னதாக ஒரு பக்க வசனம் எழுதியிருந்தேன், பிரமாதமான வசனம். எடுத்துவிட்டேன். அவள் வசனம் பேசுகிற ஆள் இல்லை.

6

முடிவுகள்.

அ) அவள் எழுகிறாள். குமாஸ்தா எழுதிக்கொள்கிறார். வார்டு போகிறது. அக்கா பெயரில் பளபளவென்று ஒரு பலகை, அதன் கீழே லாரிகள். இதை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ‘அவள் எழுந்தாள்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், மனக்கண்ணில் அவள் உட்கார்ந்தேதான் இருக்கிறாள். அடங்காத பெண்பிள்ளை.

ஆ) அவள் எழவில்லை. வார்டு தப்பிக்கிறது, கல் வருகிறது. வீட்டுக்காரர் சொன்னபடியே போய்விடுகிறார். சாயங்காலம் கடைக்கு வந்து மிஷினில் உட்காருகிறாள். அன்று முழுக்க உட்கார்ந்திருந்தவள், இப்போது எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். யாரும் வரவில்லை. மறுபடி உட்காருகிறாள். மறுபடி

(இதுவும் பிடிக்கவில்லை. ஜெயித்தவளை இப்படி அழவைப்பது எழுத்தாளர்களின் வாடிக்கையான வேலை.)

இ) சேர்மன் அக்காவின் பெயரை வாசிக்கிறார். தூரத்தில் ஓர் இரைச்சல். கடல், ஊருக்கு நடுவே, கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டு, படியேறி மன்றத்துக்குள் வருகிறது. சேர்மன் மேசைமேல் ஏறுகிறார், குமாஸ்தா பீரோமேல் ஏறுகிறார். கடல் முன்வரிசை நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு அமர்ந்து, “முதல் வார்டு, ஆஜர்” என்கிறது.

எனக்குப் பிடித்தது இதுதான். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, “வயசானா மனுஷனுக்கு இப்படியும் ஆகுமா” என்றாள். பிறகு கேட்டாள்:

“துக்க வீட்டுக்குப் போனா நாம என்ன பண்றோம்?”

“என்ன பண்றோம்? போறோம், உட்கார்றோம்.”

“யாராவது நிக்கறாங்களா?”

“இல்லை.”

“நின்னுட்டுப் போனா, வந்ததும் தெரியல போனதும் தெரியலன்னு திட்டுவாங்க. உட்கார்ந்துட்டுப் போறதுதானே மரியாதை? அவ ஒருத்தி உட்கார்ந்தா திமிருன்னு சொல்வாங்க. நாலு தெரு ஜனமும் உட்கார்ந்தா?”

“மூணு தெரு.”

“நம்ம தெருவையும் சேத்துதான் சொன்னேன்.”

7

அன்றிலிருந்து நான் எழுதவில்லை, நடக்கிறேன். குட்டையான பேண்டோடு மூன்று தெருவிலும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லோருமே வருவதாகச் சொன்னார்கள் என்று எழுத ஆசைதான். பாதிப்பேர் சொன்னார்கள். ஒரு வீட்டில், “பெரியவரே, உட்கார்றதுக்கு ஆள் சேக்கிற முதல் ஆளு நீங்கதான்” என்றார்கள். இன்னொரு வீட்டில் கதவையே திறக்கவில்லை.

கடைசியாகப் படகுத்துறைக்குப் போனேன். மெக்கானிக் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை எடுக்கவில்லை. ஸ்பேனர் மட்டும் நின்றது.

“யார் அனுப்பினா? அவளா?”

“அவளுக்கே தெரியாது.”

ஸ்பேனர் மறுபடி திருகியது. நான் திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது:

“பார்க்கறவங்களுக்கு அங்க எத்தனை நாற்காலி இருக்கு?”

ஏன் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. ஐம்பது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐம்பது கிடையாது. இருபதுகூடத் தேறாது. மிச்சப்பேருக்குத் தரை இருக்கிறது.

மலர்க்குழு நேற்று ஆள் அனுப்பியது. முடிவோடு கொடு, இல்லையென்றால் இடத்தை விளம்பரத்துக்கு விட்டுவிடுவோம் என்றார்கள். விட்டுக்கொள்ளட்டும். முடிவு எழுத மாட்டேன். நான் எழுதினால் மிகைப்படுத்திவிடுவேன். இந்த ஒன்று எந்த அளவோ அந்த அளவில்தான் நடக்க வேண்டும். நீங்கள் இதைப் படிக்கும்போது வியாழக்கிழமை கடந்துபோய்விட்டது என்று சொல்லாதீர்கள். இந்தப் பக்கத்தில் இன்னும் வரவில்லை.

ஆகவே மீதி உங்களுடையது. மன்றக் கூடத்தில் பார்வையாளர்களுக்குக் கடைசி வரிசை, கதவை ஒட்டி. உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சேர்மன் கண்ணாடியை மாட்டி அக்காவின் பெயரை வாசிப்பார். நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்கும். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் எழுந்து நிற்பார்கள். அவர்களுடைய முதுகுகளுக்கு நடுவே அவள் உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது. ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள்.

அப்போது நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.