கோர்டன் என்றொரு கண்டிப்பான ஆள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்த எழுத்துக் கூலியில் வங்கி தன் பங்கைக் கிள்ளிக்கொண்ட அன்று, அதைத் திட்டி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். கட்டுரைக்குப் பணம் வராது என்பது நினைவுக்கு வந்ததும் கதையாக மாற்றினேன். கதைக்கும் வராதுதான். ஆனால் கதையில் வேறொருவரை அவதிப்பட வைக்கலாம்.

அந்த வேறொருவர் ஒடெட் லவாலே. வினிபெக் நகரத்துக்காரி. பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள்: மாட்டின் இரைப்பை, தவளையின் குடல், எரிமலையின் வயிறு. யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. தானே முதலாளி, தானே தொழிலாளி. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அதிருப்தி.

2

தொடக்கம், முதல் முயற்சி: "செந்நதியில் பனிக்கட்டி உடையத் தொடங்கிய காலையில் ஒடெட்டின் மனத்துக்குள்ளும் ஏதோ ஒன்று"

வேண்டாம். வாடகை கட்டமுடியாதவளுக்கு ஆறு எதற்கு?

இரண்டாவது முயற்சி. ஒடெட் வங்கிக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"எதுக்குங்க என் கணக்குல அபராதம் பிடிச்சீங்க?"

"குறைஞ்சபட்ச இருப்பு இல்லீங்க மேடம்."

"போன வாரம் இருந்துச்சே."

"இருந்துச்சுங்க. அப்புறம் மாசக் கட்டணம் எடுத்தோமில்ல, அதுல குறைஞ்சிருச்சு."

"நீங்க எடுத்துக் குறைஞ்சதுக்கு நான் அபராதமா?"

"முழு விவரமும் தாள்ல வேணும்னா அனுப்பறோங்க. அதுக்குத் தனிக் கட்டணம்."

(நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிற வாசகர் மாதச் சம்பளக்காரர். நன்றாக இருக்கட்டும்.)

3

கணக்குகளை ஒழுங்குபடுத்த ஒடெட் ஒரு செயலிக்குச் சந்தா கட்டினாள். உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துவோம் என்றது அது. தூரிகை வாங்கிய செலவை ஒப்பனைப் பொருட்களில் சேர்த்தது. பார்த்து வரைவதற்காகப் பாடம் செய்த தவளை ஒன்றை வாங்கியிருந்தாள். அதை 'வாடிக்கையாளருடன் விருந்து' என்று எழுதிக்கொண்டது. திருத்துவதற்கு மேல்நிலைச் சந்தா வேண்டுமாம்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்கமுடியாதது வெண்டல். டொராண்டோவில் பாடப்புத்தகப் பதிப்பகம் ஒன்றின் படப்பிரிவுத் தலைவர். இனிக்க இனிக்கப் பேசுவார். "நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி, ஒடெட்" என்பார். குடும்பத்துக்குள் யார் உடனே பணம் கொடுக்கிறார்கள்? குளிர்காலத்தில் வரைந்த படங்களுக்கு இலையுதிர்காலம் வந்தும் பணம் வரவில்லை.

அக்கா ஜினெட் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மாநகராட்சியில் நிரந்தர வேலை. அந்தத் தெம்பில் தங்கையின் மின்னஞ்சலை உரக்கப் படித்தாள்.

"'தொந்தரவுக்கு மன்னிக்கவும். உங்களுக்கு வசதிப்படும்போது...' இது பில்லாடி, காதல் கடிதமா?"

"அவரு கோவிச்சுக்கிட்டா அடுத்த புத்தகம் போயிரும்கா."

"அப்ப நீ எழுதாத. ஆள் வெச்சு எழுது."

"ஆளுக்குச் சம்பளம்?"

"சம்பளம் கேக்காத ஆளா வை."

4

கோர்டன் இப்படித்தான் பிறந்தான். கவனியுங்கள், அவனை நான் படைக்கவில்லை. என் பாத்திரம் என்னைக் கேட்காமலே இன்னொரு பாத்திரத்தைப் படைத்துக்கொண்டாள். எனக்கு அவன்மேல் நம்பிக்கையில்லை. குழந்தைப்பருவம் கிடையாது, மனப்போராட்டம் கிடையாது, ஒரு புதிய மின்னஞ்சல் முகவரி மட்டும்தான். விமர்சகர்கள் கிழித்துவிடுவார்கள்.

கோர்டன் எழுதினான்: "ஐயா, ஒடெட் லவாலேயின் கணக்குப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். வெள்ளிக்குள் பணம் வராவிட்டால் படங்களை அச்சிடும் உரிமை ரத்தாகும்."

அன்று பிற்பகலே பணம் வந்தது.

என் பாத்திரங்கள் எதுவும் இதுவரை ஒரு காசு வசூலித்ததில்லை. பொறாமையாக இருந்தது.

5

பிறகு வெண்டல் கோர்டனுக்குத் தனியாக எழுதினார்.

"நமக்குள்ள இருக்கட்டும் கோர்டன். ஒடெட் தங்கமான பொண்ணு, ஆனா விலை தெரியாது. மத்தவங்களுக்கு நாங்க கொடுக்கறதுல பாதியைத்தான் கேக்கறா. நீங்க அதைக் கிளறாம இருங்க. எங்க வசூல் பிரிவுக்கும் உங்களை மாதிரி கண்டிப்பான ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். நல்ல சம்பளம், பல் வைத்தியச் செலவும் உண்டு."

ஒடெட் நின்றபடியே படித்தாள். இந்த இடத்தில் அவள் கொதித்தெழுந்தாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். முதலில் அவளுக்கு வந்தது கோபமில்லை, வெட்கம். இல்லாத ஒருவனுக்குக்கூட நிரந்தர வேலை கிடைக்கிறது. வெண்டலுக்காகச் செய்த ஆறு புத்தகங்களிலும் பாதி விலையோடு நன்றியும் சொல்லி வரைந்திருக்கிறாள். கடைவாய்ப் பல் ஒன்று வசந்தத்திலிருந்து வலிக்கிறது. கோபம் சிறிது தாமதமாகத்தான் வந்தது. பணத்தைப்போல.

இனி இரண்டு மடங்கு என்று கோர்டன் பதில் எழுதினான். வெண்டல் சளைக்கவில்லை: "அடுத்த வாரம் வினிபெக் வரேன். சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம், ஆம்பளைங்களா."

6

இங்கே மாட்டிக்கொண்டேன். கோர்டன் இறந்துவிட்டதாகச் சொல்லலாம்: வெண்டல் மலர் அனுப்புவார், அடுத்த பில்லை மறந்துவிடுவார். ஜினெட்டின் கணவனுக்குக் கோட்டு மாட்டி அனுப்பலாம்: அவன் அந்த வேலையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

உணவகத்துக்கு ஒடெட் தானே போனாள். வெண்டல் மீன் வறுவலுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார்.

"அட, நீங்களா. கோர்டன் வரலையா?"

"வந்தாச்சு."

அவர் வாசலைப் பார்த்தார். "எங்க?"

"நான்தான். நீங்க அவருக்கு எழுதினதெல்லாம் நான்தான் படிச்சேன். அந்தப் பாதி விலை விஷயமும் சேத்து."

எலுமிச்சை அவர் கையிலேயே இருந்தது. தாழ்ந்த குரலில் சொன்னார்: "நாம குடும்பம் மாதிரி பழகினோமே, ஒடெட்."

அவள் பையிலிருந்து ஒரு பில்லை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆறு புத்தகங்களுக்கும் சேர வேண்டிய மறுபாதி. கீழே அவள் சொந்தக் கையெழுத்து. மன்னிக்கவும் என்ற சொல் எங்கும் இல்லை.

வெண்டல் பேனாவை எடுத்தாரா, எழுந்து போனாரா, அடுத்த புத்தகம் அவளுக்கு உண்டா? அதை எழுதப்போவது நான் இல்லை, நீங்கள். அதற்குப் பணம் தர எனக்கு வசதியில்லை. ஆனால் இது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியவரும். நாம் குடும்பம் மாதிரிதானே.